வெங்காயப் பாத்தி வரை வந்த கட்டளை

கொரோனாவால் கம்பஸ் பூட்டியிருந்த காலம். நான் அரசறிவியல் மாணவன், வகுப்பெல்லாம் போனில். ஒரு சர்வாதிகாரி தன் அரசாங்கத்தை உண்மையில் எவ்வளவு தூரம் கையில் வைத்திருக்கிறான் என்று விரிவுரையாளர் கேட்டார். வேறு யாரும் வாய் திறக்க முதல் நான் சொன்னேன்: "முழுக்க. அவன் சொன்னால் கடைசிக் கிளாக்கர் வரைக்கும் நடக்கும்." உதாரணமும் இருந்தது. தேர்தலில் வென்று வந்த எங்கள் ஜனாதிபதியே இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்திவிட்டார். இனிச் சேதனம் என்கிற இயற்கை உரம்தான், சாணியும் இலைகுழையும்தான். தேர்தலே தேவைப்படாத ஒருவனுக்கு இது எம்மாத்திரம்?

ஆனால் எங்கள் மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்குக் கீழே ஒரு மூடை யூரியா கிடந்தது. தடைக்கு முதலே அப்பா வாங்கியது. ஒளித்து வைத்திருப்பவர்களைப் பிடிக்கிறார்கள் என்று மருதனார்மடச் சந்தையில் கதை. பிடிபட்டால் அந்தப் போக வெங்காயம் போய்விடும். எங்களுக்கு வேறு வருமானமும் இல்லை. அப்பா சோறும் சரியாகத் தின்னாமல், பகலிலும் கதவைப் பூட்டியே வைத்திருந்தார்.

அதிலிருந்து எடுத்துப் போட்ட யூரியாவே காட்டிக்கொடுத்தது. அக்கம்பக்கத் தோட்டமெல்லாம் மஞ்சளடிக்க, எங்களுடையது மட்டும் றோட்டிலிருந்து பார்த்தாலே கரும்பச்சை. அப்பா யோசித்து, ஒரு லான்ட்மாஸ்டர் உழவியந்திரப் பெட்டி நிறையச் சாணி இறக்கி, ஈரத்தோடு பாத்தியெல்லாம் பரப்பினார்.

"மணத்திலையே நம்புவாங்கள்."

அடுத்த நாளே விவசாய உத்தியோகத்தர் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். ஒரு வெங்காயத் தாளைக் கிள்ளிப் பார்த்தார்.

"என்னண்ணை பாவிக்கிறீங்கள்?"

"சாணிதான் சேர். மணக்கேல்லையோ?"

"மணக்குது. ஆனால் பச்சைச் சாணியை வெங்காயத்துக்கு ஆரண்ணை போடுறது? வேர் அவிஞ்சு போயிடுமெல்லே."

அப்பா காலால் சாணியை மண்ணுக்குள் தள்ளினார். அந்த நேரம் பார்த்து உத்தியோகத்தரின் போன் அடித்தது. அவருக்கு மேலே உள்ளவர். எங்கள் கரும்பச்சைக்கு நடுவே நின்றபடியே கதைத்தார்.

"ஓம் சேர், தோட்டத்திலைதான் நிக்கிறன். எல்லாரும் சேதனத்துக்கு மாறிட்டினம் சேர். ஓம் ஓம், சந்தோசமாத்தான் இருக்கினம்."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன் சேர் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வேறை என்ன தம்பி சொல்லுறது? மாறேல்லை எண்டால் ஏன் மாத்தேல்லை எண்டு என்னைக் கேப்பார். அவரை அவருக்கு மேலை உள்ளவர் கேப்பார். உந்தக் கரைச்சல் ஆருக்கு வேணும்?" பிறகு அப்பா பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "அண்ணை, உடுப்பிட்டியிலை எனக்கும் கொஞ்ச வெங்காயம் நிக்குது. மஞ்சளடிச்சுப் போச்சு. மிச்சம் ஏதும் கிடக்கோ?"

அப்பா வரம்பில் அப்படியே குந்திவிட்டார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "முதலே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு லோட் சாணி மிச்சமெல்லே சேர்."

மூடையைப் பிரிக்கும்போது என் வாதத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு உரம் கொண்டுவரும் கப்பலை மறிக்க மேலே இருப்பவரால் முடிந்தது. அது பொய்யில்லை, உத்தியோகத்தரின் வெங்காயமே சாட்சி. ஆனால் மேலே இருப்பவருக்குப் பயந்து எல்லாரும் "ஓம் சேர்" என்றதால், எங்கள் பாத்திக்குள் என்ன நடக்கிறது என்று அறிய அவருக்கு வழியே இல்லை.

பாதி மூடையை மோட்டார்சைக்கிளில் கட்டினேன். "வழியிலை ஆரும் கேட்டால்?"

"சேதனம் எண்டுவன். பரிசோதிக்க வாறவனும் நான்தானே."

அன்று மத்தியானம் அப்பா இரண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கினார். பிறகு கதவைத் திறந்துபோட்டபடியே நித்திரை கொண்டார்.