வெளுத்த துளசி

அரவிந்தவல்லியைப் பற்றிச் சொல்ல வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அறுபத்தேழில் திருவள்ளூரில் அவளுக்கு எதிர்வீட்டில் குடியிருந்தேன். கடம்பத்தூரிலிருந்து வாழ வந்தவள், பி.யூ.சி.யில் தாவரவியல் படித்தவள். மாமனார் பராசரனுக்குக் கோயிலில் கைங்கரியம். அந்த வீட்டு மாடத்துத் துளசிதான் தினமும் பெருமாளுக்குப் போகும்.

அவள் வந்த வருஷமே துளசி வெளுத்தது. துளிர்களில் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள்.

"ஆத்துக்கு வந்தவ சரியில்லேன்னா துளசி வெளுக்கும்னு சாஸ்திரமே சொல்றது. செடி பட்டுப்போச்சுன்னா இவளைப் பொறந்தாத்துக்கே அனுப்பிடு" என்று மாமியார் கோமளவல்லி மகனிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள். அவள் புருஷன் ஸம்பத்குமார் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான்.

அரவிந்தவல்லி அழவில்லை. மாடத்தையே சுற்றிச் சுற்றி வந்தாள். மாமியார் வெள்ளிக்கிழமை தவறாமல் பக்தியோடு அடித்த சுண்ணாம்பு வழிந்து, வேர்மண் வெள்ளையாகக் கிடந்தது. சுண்ணாம்பு ஏறிய மண்ணில் வேருக்கு இரும்பு எட்டாது. இரும்பில்லாமல் இலையில் பச்சையம் ஊறாது. அது அவள் படித்த பாடம்.

என்னையும் அழைத்துக்கொண்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போய், இரும்பு உப்பான அன்னபேதி கேட்டாள்.

"இன்னாம்மா, ஊட்ல யாருக்குச் சோகை?" என்றார் கடைக்காரர்.

"துளசிக்கு."

அதைக் கரைத்து எடுத்து வந்தபோது மாமியார் மாடத்தை மறித்து நின்றாள். "பெருமாளுக்குப் போற செடியில மருந்தா? ஊத்தினியானா இப்பவே கிளம்பிடு."

அரவிந்தவல்லி மாமனாரிடம் திரும்பினாள். "மாமா, வந்தவ சரியில்லேன்னா துளசி வெளுக்கும்னு எந்த சாஸ்திரத்துல இருக்கு? நீங்களே சொல்லுங்கோ."

பராசரன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "எதுலயும் இல்லே. மருந்து போடப்படாதுன்னும் இல்லே. ஊத்தும்மா."

இத்தனை நாள் இதைச் சொல்ல அந்த மனுஷருக்கு என்ன கேடு?

வெள்ளை மண்ணைச் சுரண்டியெடுத்துவிட்டு ஊற்றினாள். இலைகள் உதிர்ந்துகொண்டே இருந்தன. ஸம்பத்குமார் அவள் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிக் கூடத்தில் வைத்தான், புண்ணியவான்.

ஒருநாள் காலை புதுத் துளிர் விட்டிருந்தது. நல்ல பச்சை.

"துளசித் தாயார் மன்னிச்சுட்டா. பெட்டியை மேலே ஏத்துடா" என்றாள் மாமியார்.

ஸம்பத்குமார் குனிந்தான். அரவிந்தவல்லி பெட்டியின் மேல் கை வைத்தாள்.

"இருங்கோ. இலை பச்சையானா இருக்கணும், வெளுத்தா போகணும்னா, நான் உங்களுக்கு ஆம்படையாளா, செடியா? அதைச் சொல்லிட்டுத் தூக்குங்கோ."

அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அரவிந்தவல்லி தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.