அந்தோனியார் சுவரைப் பார்க்கும் நேரம்

ஜோசப்பின் முதலில் அந்தோனியார் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு இரண்டு செருப்பையும் காலால் உதறினாள். அதற்கப்புறம்தான் கணினியைத் திட்டத் தொடங்கினாள். "ஏண்டா மூதேவி, பதினாலு வர வேண்டிய எடத்துல பதிமூணுன்னு துப்பியிருக்கியே, ஒனக்கு கண்ணு அவிஞ்சா போச்சு?"

அட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால், கீழே என் போட்டோகொப்பிக் கடை, மேலே அவள் அறை. நடுவில் இருப்பது வெறும் பலகைத் தட்டு. அவள் வாயில் வருகிற எதுவும் என் வாடிக்கையாளர் காதுக்குத் தப்புவதில்லை. கெட்ட வார்த்தை பேசும்போது அந்தோனியார் பார்க்கக் கூடாது என்பது அவள் சட்டம். "பார்க்கத்தான் கூடாதா, கேட்கலாமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள். கம்பஸ் போய்ப் பட்டம் படித்து, கொழும்பில் வேலை பார்த்து, முதலாளியோடு சண்டை பிடித்துக்கொண்டு திரும்பி வந்தவள். மென்பொருள் எழுதிக் கொடுப்பது தொழில். தனக்கு இரண்டு சுவெட்டர் போட்டுக்கொள்வாள், கணினிக்கு மட்டும் மின்விசிறி ஓடும். தயாராகக் கிடைக்கும் எதையும் நம்பமாட்டாள். மிளகாய்த் தூளைக்கூட வறுத்து இடித்துத்தான் சமைப்பாள். கணினி மொழியையும் அப்படித்தான் செய்தாள். எல்லோரையும் போல ஆயத்தமாக இறக்கிப் போட்டுக்கொள்ளாமல், அதன் மூலநிரலை எடுத்து, வேண்டாததைக் கழித்து, தன் பழைய இயந்திரத்துக்குத் தக்கபடி தானே கட்டியெடுத்தாள். "ஒலகத்து நேரக் கணக்கெல்லாம் நமக்கு எதுக்குண்ணே? லண்டனுக்கு அஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு, அவ்வளவுதான் நம்ம நாடு. மத்ததெல்லாம் வெட்டி எறிஞ்சிட்டேன்" என்று அன்றைக்குப் பெருமையடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்த மொழியில் எழுதிய வேலையில்தான் இப்போது வினை. கொழும்பில் ஒரு தொழிற்பயிற்சி நிறுவனம், மலையகத்துப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் அச்சடிக்கிறது. விவரங்களைப் பதிந்தவள், பொகவந்தலாவையிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து ஜோசப்பினிடம் வேலை செய்யும் ஷாமிலா. அச்சாகி வந்தபோது பலருக்குப் பிறந்த தேதி ஒரு நாள் முந்தி விழுந்திருந்தது. அடையாள அட்டையோடு ஒத்துப்போகவில்லை என்று, வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போன பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேர் பிழை, ஊர் பிழை என்று திருத்தக் கேட்டு அரசாங்கக் கச்சேரிக்கு அலைந்து நம் சனத்தின் செருப்புத் தேய்ந்தது போதாதா? கேட்ட எனக்கே வயிறு எரிந்தது.

நிறுவனத்து மேலாளர் போனில் சொன்னதைக் கேட்டால் இன்னும் எரியும். "தோட்டத்துப் பிள்ளைகள வச்சு டைப் பண்ணினா இப்படித்தான். இன்னைக்கே அந்தப் பிள்ளைய நிப்பாட்டுங்க. இல்லாட்டி வேலைய வேற ஆளுக்குக் குடுப்போம்."

"ஒங்க சிஸ்டத்த எழுதுனதே தோட்டத்துப் புள்ளதான்!" என்று கத்திவிட்டு ஜோசப்பின் போனை வைத்தாள். அத்தோடு விட்டாளா? அதே சூட்டில் ஷாமிலா பக்கம் திரும்பினாள். "கண்ண எங்க வச்சுக்கிட்டு அடிச்ச? என் பொறந்த நாளப் போட்டுப் பாத்தேன், கரெக்டா வருது. அப்ப பிழை மிஷின்ல இல்ல, ஒன் கையிலதான்!"

கொப்பி எடுத்த தாள்களைக் கொடுக்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஷாமிலா அதிர்ந்து பேசாத பிள்ளை. சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது.

"எனக்கும் ஒரு நாள் முந்தித்தான் வருதுக்கா. மூணு தரம் சொன்னேன், நீங்க காதுலயே வாங்கல. என் பொறந்த நாளையே நான் பிழையா அடிப்பேனா?"

ஜோசப்பின் திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஒனக்கு எந்த வருஷம்?"

"ரெண்டாயிரத்து ரெண்டு."

ஜோசப்பின் உட்கார்ந்து வருஷம் வருஷமாகத் தட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றைந்து சரி. தொண்ணூற்றேழு பிழை. இரண்டாயிரத்தைந்து பிழை. இரண்டாயிரத்தேழு சரி. நடுவில் பத்து வருஷத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பிழை. தலையில் ஓங்கி அடித்துக்கொண்டாள். "ஐயோ அண்ணே, புது நேரம்!"

என் வயதுக்காரனுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூற்றாறில் மின்சாரத் தட்டுப்பாடு என்று நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். அதில் அரை மணித்தியாலம் அப்படியே பத்து வருஷம் தங்கிவிட்டது. விவரம் பதிகிற பக்கம் எல்லோரும் பாவிக்கிற ஆயத்தச் சாமான், அதற்கு அந்தக் கதை தெரியும். அச்சடிக்கிற பக்கம் இவள் கட்டிய மொழி, அதற்குத் தெரியாது. கணினிக்குப் பிறந்த நாள் என்றால் அன்றைய நள்ளிரவு பன்னிரண்டு மணி. அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தால் முதல் நாள் இரவு பதினொன்றரை. தேதி போயிற்று. ஜோசப்பின் பிறந்தது எண்பத்தெட்டில், அதனால் அவளுக்கு மட்டும் ஒழுங்காக வந்திருக்கிறது.

"அந்த நேரத்தாலதான எங்கம்மா கும்மிருட்டுல வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்குப் போயி நின்னுச்சு! கால்ல அட்டை ஏறுறதுகூட தெரியாது. நான் டோர்ச் புடிச்சுக்கிட்டு இஸ்கூலுக்குப் போனேன். அதப் போயி மறந்தேனே! என் கையாலயே வெட்டி எறிஞ்சேனே, எனக்கு என்னா திமிரு!"

நான் மெதுவாகச் சொன்னேன். "சத்தம் போடாம திருத்திரு புள்ள. சர்வர் கோளாறுன்னு சொல்லு. அந்தாளுக்கு என்னா வெளங்கப் போகுது?"

என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். "சும்மா போங்கண்ணே. அப்ப இந்தப் புள்ளயப் பத்திச் சொன்னது அப்பிடியே நிக்குமே? வேல போனா போகட்டும்."

ஷாமிலாவின் தோளிலிருந்து பையைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். யாரையும் தொடவிடாத தன் மெத்தை நாற்காலியில் அவளை அழுத்தி உட்காரவைத்தாள். "பிழை ஒன்னோடது இல்ல, என்னோடது. அந்தாளுகிட்ட நான் சொல்றத நீ ஒக்காந்து கேளு."

போனை எடுத்தாள். எண்ணை அழுத்தப் போனவள் என்ன நினைத்தாளோ, எழுந்து போய் அந்தோனியார் படத்தை எங்கள் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாள். வந்து, ஸ்பீக்கரைப் போட்டாள்.