கரிசல் சாலையில் எண்ணெய்ச் சூடு நூற்றுப் பதினெட்டு: ஒத்தக்கடையிலிருந்து விருதுநகர் வரை

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஷெட்டைத் திறந்து, காரின் ஆயில் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தேன். மேல்கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே நின்றது. போன மாதம் நானே மேல்கோடு வரை ஊற்றிவைத்த எண்ணெய். ஒழுகியிருக்குமோ என்று அடியில் அட்டையைச் செருகி இழுத்துப் பார்த்தேன். அட்டை உலர்ந்தே வந்தது.

இந்தக் கார் எண்ணெய் குடிக்கும். அது பழுதல்ல, சுபாவம். ஆனால் ஓடினால்தான் குடிக்கும். பூட்டிய ஷெட்டில் நின்றுகொண்டு எதைக் குடித்தது என்று யோசித்தபடியே இன்னும் அரை லிட்டர் ஊற்றினேன்.

பயணத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் போன ஆடியில் மாரடைப்பில் தவறிவிட்டார். அவர் விட்டுப்போனவற்றில் இந்த ஜப்பானிய ரோட்டரி காரும் ஒன்று. கோயம்புத்தூரில் பந்தய ஆசை விட்டுப்போன ஒருவரிடம் வாங்கி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவைப் பெரிதாக்கி, அதனால் கிளம்பிய சூட்டோடு ஆறு வருடம் மல்லுக்கட்டினார். விருதுநகரில் ஒரு டாக்டர் காரை விலைக்குக் கேட்டிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: லாரியில் ஏற்றாமல் ஓட்டியே கொண்டுவந்து காட்ட வேண்டும், எண்ணெய்ச் சூடு நூற்றுப் பத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. மீட்டரில் போன உச்சத்தைக் காட்டி நிற்கும் சிவப்பு முள் ஒன்று உண்டு; கையால் திருப்பினாலொழிய இறங்காது. சூடு மிஞ்சி எஞ்சின் போனால் நம் ஊரில் பிரித்துப் பூட்ட ஆளும் இல்லை, பாகமும் இல்லை. கார் அன்றோடு இரும்பு.

சாதாரண எஞ்சின் போல இதில் பிஸ்டன் கிடையாது. முட்டை வடிவ அறைக்குள் முக்கோண உருளை ஒன்று சுற்றும். அந்த உருளையின் வயிற்றைக் குளிரவைப்பது தண்ணீரல்ல, எண்ணெய். அதனால்தான் என் கணவர் தண்ணீர்ச் சூட்டை எப்போதாவதும் எண்ணெய்ச் சூட்டை எப்போதும் பார்த்தார். முன்பம்பருக்குள் இடதுபக்கம் பெரிய ஆயில் கூலர் ஒன்று வைத்து, காற்று நேராகப் போய் மோதத் தகரத்தில் ஒரு புனலும் செய்து மாட்டியிருந்தார்.

என்னோடு வந்தது செல்வி, அவருடைய தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள், வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். வேலை நிமித்தம் நான் வியாழன் மாலை திருச்சி போய் வெள்ளி இரவு திரும்புவேன். அப்போது வீட்டுக்குக் காவல் அவள்தான். கார் என்றாலே பயம் என்பாள். ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள்:

“மதினி, எனக்கு எது பிரேக்குன்னுகூடத் தெரியாது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்னைய நம்பாதீக.”

“உன்னைய எதுக்கு நம்புறேன்? பேச்சுத் துணைக்கு வா.”

என் சீட்டு ஸ்டியரிங்குக்கு மிக அருகில் இருந்தது. ஒரு பல் பின்னால் தள்ளினேன். பக்கத்துச் சீட்டோ கடைசிப் பல் வரை பின்னால் போயிருந்தது. அப்படி உட்காருகிறவர் அவர் ஒருவர்தான், நீளக் கால். நான் ஓட்டப் பழகிய நாட்களில் அங்கே உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். செல்விக்குக் கால் எட்டவில்லை. ஆனாலும் அவள் அந்தச் சீட்டை நகர்த்தவில்லை.

ஐந்து நாற்பதுக்குக் கிளம்பினோம். யானைமலைக்குப் பின்னால் வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. ரிங் ரோட்டில் கப்பலூர் வரை இருபத்தெட்டு கிலோமீட்டர். எண்ணெய் எழுபது டிகிரி ஏறும்வரை டர்போவை எழுப்பக் கூடாது என்பதால் மெதுவாகத்தான் போனேன். வண்டியூர் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முன்னால் இடதுபக்கம் ‘டொக்’ என்றது. அடுத்த பள்ளத்திலும் அதே இடத்திலிருந்து. யாரோ உள்ளேயிருந்து விரலை மடக்கித் தட்டுவதுபோல.

“என்ன சத்தம் அது?” என்றேன்.

“கல்லா இருக்கும்,” என்றாள் செல்வி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

திருமங்கலம் தாண்டியதும் ஊர் அடங்கிவிடுகிறது. நாலுவழிச் சாலை வேலைக்காக வெட்டிப்போட்ட மண், அதற்கப்பால் கரிசல், கருவேலங்காடு. கரிமூட்டங்களின் புகை எழும்பாமல் தரையோடு படுத்திருந்தது. காற்றில்லை. வண்டியும் ஆளும் இல்லை. அந்தக் காலைக் குளிரில், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் எண்ணெய்ச் சூட்டு முள் தொண்ணூற்றில் நின்றிருக்க வேண்டும். நூறைத் தொட்டது. ஆக்ஸிலரேட்டரில் காலைத் தளர்த்தினேன். நூற்று நான்கு. இன்னும் தளர்த்தினேன். நூற்றெட்டு. வேகம் குறையக் குறையச் சூடு ஏறியது. எனக்குத் தெரிந்த எந்தக் கணக்கிலும் அது அடங்கவில்லை.

நூற்றுப் பன்னிரண்டில் சிவப்பு முள்ளைக் கவனித்தேன். கிளம்புமுன் அதைப் பூஜ்யத்துக்குத் திருப்ப மறந்திருந்தேன். அது ஏற்கெனவே நூற்றுப் பதினைந்தில் நின்றுகொண்டிருந்தது. போன மாதம் எண்ணெய் மாற்றியபோது நானேதான் அதைத் திருப்பி வைத்தேன்.

சாலையோரம் ஒரு டீக்கடை தெரிந்தது. ஒதுக்கி நிறுத்தியபோது நூற்றுப் பதினெட்டு. படபடப்பில் சாவியை அணைக்கப் போனேன். என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

“அணைக்காதீக மதினி. ஓடட்டும். அணைச்சா எண்ணெய் நின்னுபோயி உள்ளயே தீஞ்சிரும். ஹீட்டரப் போடுங்க.”

அணைக்காமல் ஹீட்டரை முழுதாகத் திறந்தேன். எஞ்சினின் சூடு எங்கள் முகத்தில் அடித்தது. எது பிரேக் என்று தெரியாதவளின் கை இன்னும் என் மணிக்கட்டில் இருந்தது. பிறகு மெல்ல எடுத்துக்கொண்டாள்.

அதற்குள் கடைக்காரர் கையில் இரண்டு டம்ளரோடு வந்துவிட்டார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

“சத்தத்த வச்சே போட்டுட்டேன்க்கா. இந்த வண்டிச் சத்தந்தான் வேறயாச்சே. அண்ணே வரலியா?”

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். “போன வெள்ளிக்கிழமை இதே வண்டி வந்தப்பவும் அண்ணே பேச்சுக் குடுக்கல. விடியுமுன்ன ரெண்டு ஹாரன். கண்ணாடிய நாலு விரல் இறக்குனீக. கைதான் தெரிஞ்சுச்சு, வளையல் போட்ட கை. நீங்கதான ஓட்டுனது?”

“நான் வரலைண்ணே. நான் திருச்சியில இருந்தேன்,” என்றேன். “அவரு ஆடியிலயே தவறிட்டாரு.”

அவர் டம்ளர்களைப் பார்த்தார். “ரெண்டு டீ குடுத்தேன்க்கா. ரெண்டும் காலியாத்தான் திரும்பி வந்துச்சு.”

“எனக்கு டீ வேணாம்ணே,” என்றாள் செல்வி. “நான் காப்பிதான்.”

உண்மைதான். எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முதல் அவள் டீயைத் தொட்டதில்லை.

முள் தொண்ணூற்றெட்டுக்கு இறங்கக் கால்மணி நேரம் பிடித்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு தரையில் படுத்துப் பம்பருக்குள் கையை விட்டேன். புனலின் வாயில் துணி தட்டுப்பட்டது. மஞ்சள் துணி. அவிழ்த்து இழுத்தால் ஒரு முழுத் தேங்காய். குங்குமம் இன்னும் மங்கவில்லை. யாரோ காரைக் காக்கச் சொல்லி வேண்டி, யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, அது மூச்சுவிடும் ஒரே துளையில் முடிந்து வைத்திருந்தார்கள். பள்ளத்தில் ‘டொக்’ என்றதும் அதுதான்.

செல்வி குனிந்து பார்த்தாள். “யாரு கட்டுனாகளோ.”

“கழட்டிப் போட்டுறவா?”

“ஐயோ வேணாம் மதினி. வேண்டுனது நடக்குமுன்ன தூக்கிப்போட்டா சாமி குத்தம்.”

“யாரு என்ன வேண்டுனாகன்னே தெரியலையே.”

“யாரு வேண்டுனா என்ன,” என்றாள். “வண்டி இருக்கணும்னுதான் வேண்டியிருப்பாக.”

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லை அழ வேண்டும். அந்தச் சாலையோரத்தில் இரண்டுக்கும் அவளை ஆளாக்க எனக்கு மனமில்லை. தேங்காயைத் துணியோடு கொண்டுபோய்க் காருக்குப் பின்னால், வண்டியைக் கட்டி இழுக்கும் கொக்கியில் இறுக்கிக் கட்டினேன். அங்கே சாமிக்கும் குறையில்லை, எண்ணெய்க்கும் குறையில்லை.

“உங்களுக்கு அண்ணனவிட மூளை ஜாஸ்திதான்,” என்றாள்.

“உங்க அண்ணன்கிட்ட சொல்லிறாத.”

சிரித்தாள். சிரித்துக்கொண்டே பின்கண்ணாடியில் ஒரு முறை பார்த்தாள்.

சிவப்பு முள்ளைத் திருப்பி வைத்துவிட்டுக் கிளம்பினேன். கள்ளிக்குடி தாண்டி விருதுநகர் வரை முள் தொண்ணூற்றாறைத் தாண்டவில்லை. கிளம்பிய இடத்திலிருந்து மொத்தம் அறுபத்தைந்து கிலோமீட்டர்; போய்வரப் பெட்ரோல் ஆயிரத்து நானூறு ரூபாய். நடுவழியில் நூற்றுப் பதினெட்டு போனதையும் அதன் காரணத்தையும் டாக்டரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் தேங்காயைப் பார்த்துச் சிரித்தார், மீட்டரைப் பார்த்துத் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். திரும்பும் வழி முழுக்கச் செல்வி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். டீக்கடையைக் கடக்கும்போது கடைக்காரர் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

டர்போ போட்ட ரோட்டரி வைத்திருந்து, இந்தப் பக்கம் கோடையில் வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். விடியலில் கிளம்பி ஒன்பது மணிக்குள் போய்ச் சேருங்கள். எண்ணெய் கெட்டியானதாக இருக்கட்டும், இருபது–ஐம்பது தரம் போதும். நூறைத் தாண்டினால் காலை எடுங்கள். அப்படியும் ஏறினால் குற்றம் உங்கள் காலில் இல்லை, காற்று போகும் வழியில் இருக்கிறது, இறங்கிப் பாருங்கள். எவ்வளவு பதறினாலும் சூட்டோடு அணைக்காதீர்கள். இறங்குமுன் மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டு உட்கார்ந்திருங்கள். அந்த மூன்று நிமிடமும் பக்கத்துச் சீட்டைப் பார்க்காமல் இருப்பது கஷ்டம்.

இரண்டு டம்ளரும் எப்படிக் காலியாயின என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்றைச் செல்வி அண்ணனுக்கென்று தரையில் ஊற்றியிருக்கலாம். இன்னொன்றை? அவள்தான் டீயைத் தொடமாட்டாளே.

காரை விற்கப் போவதில்லை. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டருக்குச் சனிக்கிழமை சொன்னால் போதும். செல்விக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் வேண்டுதல் பலித்துவிட்டதென்று தேங்காயை உடைத்துவிடுவாள், அவளுடைய வெள்ளிக்கிழமைப் பயணமும் அதோடு நின்றுவிடும். எங்கள் வீட்டில் யாரும் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன். நாளை வியாழன், நான் திருச்சி போக வேண்டும். சற்று முன் ஷெட்டுக்குப் போய் எண்ணெயை மேல்கோடு வரை ஊற்றினேன். ஓட்டுகிற சீட்டை ஒரு பல் முன்னால் தள்ளினேன். பக்கத்துச் சீட்டைக் கடைசிப் பல் வரை பின்னால் விட்டுவிட்டு, சாவியை ஆணியில் மாட்டினேன்.