வளவனின் பத்துப் பந்துகள்

பொன்மலை ரயில்வே பணிமனையில் அமலராணிக்குக் கிளார்க் வேலை. அது சோற்றுக்கு. மனசுக்கு இன்னொரு வேலை வைத்திருந்தார்: சென்னையிலிருக்கும் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணிக்கு ஆள் தேடிக் கொடுப்பது. திருச்சியைச் சுற்றி எங்கே பந்து தட்டும் சத்தம் கேட்டாலும் அவருடைய ஸ்கூட்டி அங்கே நின்றுவிடும். ஒரு காலத்தில் தானே ஆடியவர். ஐந்தடி பதினொன்று. கல்யாண வீட்டு போட்டோவில் இன்றைக்கும் பின்வரிசைதான்.

கண் கெட்டி, ராசிதான் மட்டம். அவர் அனுப்பிய முதல் ஆள் வீட்டு நினைப்பு தாங்காமல் ஒரே மாதத்தில் ஓடி வந்துவிட்டான். இரண்டாவது ஆளுக்கு முழங்கால் போனது. மூன்றாமவன் சொல்லாமல் கொள்ளாமல் துபாய்க்கு விமானம் ஏறினான். நாலாவதும் ஊத்திக்கொண்டால் திருச்சிப் பக்கமே இனி ஆள் எடுப்பதில்லை என்று அந்த அணியின் கோச் நல்லுசாமி போனில் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அமலராணிக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தார்.

அந்த நாலாவது ஆள், அரிசி வாங்கப் போன இடத்தில் அகப்பட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை மண்ணச்சநல்லூருக்கே போய், மில்லில் நேராக மூட்டை பிடிப்பது அமலராணி வீட்டு வழக்கம். மதியச் சாப்பாட்டு நேரம். லோடுமேன்கள் எல்லாம் நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும், ஆறடி ஏழங்குலம், நெல் காயப்போடும் சிமென்ட் களத்தின் நடுவில் நின்று, குடோன் சுவரில் மாட்டியிருந்த வளையத்துக்குள் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தார். பனைமர உயரம் இருப்பவர்கள் வளையத்துக்கு அடியில் போய் நின்றுகொள்வதுதான் ஊர் வழக்கம். இவரோ எட்ட நின்று போட்டார். விழுந்த பந்து தானாகவே சுவரோரம் உருண்டு போய் நின்றது. நூறு போட்ட பிறகுதான் தூக்குவாளியைத் திறந்தார்.

பெயர் வளவன். கல்லூரி அணியில் ஆடியவர், இப்போது மூட்டை தூக்குகிறார். வளையத்தைத் தானே டேப் பிடித்து, சுவரடியிலிருந்து சரியாகப் பத்தடி உயரத்தில் மாட்டியதாகச் சொன்னார். அமலராணி அடுத்தடுத்து ஐந்து சனிக்கிழமை போய் எண்ணினார். நூற்றுக்கு ஒரு நாளும் எண்பதுக்குக் குறையவில்லை. அரிசியை மறந்துவிட்டுக் கோச்சுக்குப் போன் போட்டார்.

தேர்வு, ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் உள்ளரங்கில் நடந்தது. ஓட்டத்தில் வளவன் ஒரு குறையும் வைக்கவில்லை. பந்தைப் பிடுங்குவதிலும் யாரும் கிட்டே வர முடியவில்லை. பிறகு நல்லுசாமி எட்ட நின்று பத்துப் பந்து போடச் சொன்னார். முதல் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. இரண்டாவதும் அப்படியே. பத்தும் அதே முன்விளிம்பில் பட்டுத் திரும்பின, ஒன்றுகூட உள்ளே விழவில்லை.

காலில் தெம்பு இல்லை, பந்து எட்டவில்லை என்றார் நல்லுசாமி. நாள் முழுக்க நெல் மூட்டை சுமக்கிறவனுக்குத் தெம்பில்லையாம்! அமலராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கண்ணெதிரே பந்து எட்டவில்லையே, என்ன சொல்வது? வளவன் யார் முகத்தையும் பார்க்காமல் ஷூ கயிற்றை அவிழ்க்க உட்கார்ந்துவிட்டார்.

கடைசிப் பந்து தரையில் துள்ளி அடங்கிய இடத்திலேயே கிடந்தது. அமலராணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்லில் ஒரு பந்தும் இப்படி நடுத்தரையில் நின்றதில்லையே, சுவரோரம் உருண்டுதானே போகும் என்று நினைத்ததும் அவருக்குப் பகீரென்றது. மழைத்தண்ணீர் வடிவதற்காகக் களத்தின் நடுவை மேடாகவும் ஓரத்தைத் தாழ்வாகவும் போடுவார்கள். வளையத்தை அளந்தது தாழ்ந்த ஓரத்திலிருந்து. போடுவதோ மேட்டில் நின்று. அங்கே பழகிய கைக்கு இங்கே வளையம் அரையடி கூடுதல் உயரம். ஐந்து சனிக்கிழமை அந்த மேட்டிலேயே நின்று எண்ணியும் தன் காலுக்கு அது உறைக்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

நேரே கோச்சிடம் போனார். "தப்பு என்னோடதுங்க, களம் மேடுன்னு நான் பாக்கல. ஆனா ஒண்ணு யோசிங்க. குறி தப்புறவனுக்குப் பத்தும் பத்து இடத்துல படும். இவருக்குப் பத்தும் ஒரே இடத்துல பட்டுச்சு."

நல்லுசாமி தாடையைச் சொறிந்தார். சரி, இன்னும் பத்து என்றார். அமலராணி வளவனிடம் ஓடி, "தம்பி, வளையம் அரையடி மேல இருக்குன்னு நெனச்சுப் போடுங்க" என்றார்.

முதல் பந்து வளையத்தைத் தாண்டிப் பலகையில் இடித்தது. இரண்டாவது விளிம்பில் சுற்றிச் சுற்றி வெளியே விழுந்தது. மூன்றாவது வலைக்குள் இறங்கியது. அதன் பிறகு ஏழும் இறங்கின. அமலராணிக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் அவர் மெனக்கெடவில்லை.

ஒன்றாம் தேதி சென்னை முகாமுக்கு வந்துவிடும்படி நல்லுசாமி வளவனிடம் சொன்னார். பிறகு அமலராணி பக்கம் திரும்பினார். "நல்லவேளை சொன்னீங்க மேடம். நான் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

அந்த வார்த்தை அமலராணிக்குச் சுருக்கென்றது. இந்த உள்ளரங்கில் பத்துப் பந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேரோ.

"அப்படின்னா இனிமே நான் யாரையும் இங்க கூட்டிட்டு வரலைங்க," என்றார். "அவங்க ஆடுற எடத்துக்கு நீங்க வந்து பாருங்க."

நல்லுசாமி போனில் நாள்காட்டியைத் திறந்தார். பிறகு, எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார்.