சைலன்சர் இல்லாத ரம்பம்

எங்கள் பாரிவாக்கம் அடுக்ககத்தில் இன்று தூங்குமூஞ்சி மரத்தை மெஷின் ரம்பத்தால் வெட்டினார்கள். ஆயில் கலந்த பெட்ரோல் புகை வந்ததும் பால்கனிக் கதவைச் சாத்தினேன். இருந்தும் சென்னீர்குப்பத்தில் பெரியப்பாவின் தகரக் கொட்டகை, இடித்து எத்தனையோ காலமாகியும், மூக்குக்குள் வந்து நின்றது. காயலான் கடைகளில் பழைய ரம்பங்களை வாங்கிவந்து, கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சங்கிலியின் ஒவ்வொரு பல்லையும் அரத்தால் கர்ரக் கர்ரக்கென்று ராவி, புதிதுபோல் ஆக்கி விற்பார். சைலன்சர் உடைந்த ஒன்றை மட்டும் அவர் சரிசெய்யவும் இல்லை, விற்கவும் இல்லை. அதை அம்மாவுக்காக வைத்திருந்தார். கொட்டகை நின்ற இடத்தில் பாதி, செத்துப்போன என் அப்பாவின் பங்கு; அதைக் கேட்க அம்மா வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த ரம்பத்தின் கயிற்றைச் சுண்டி இழுப்பார். தகரம் அதிரும், என் பல் கூசும், அம்மாவின் உதடு மட்டும் அசையும்.

"நீ பேசும்மா, நான் மிஷினு ஓடுதானு பாத்துகினு கீறேன்" என்று கத்திச் சிரிப்பார்.

அவரை நடுவீட்டில் கிடத்தியிருந்த அன்று, அழுதவர்களை விலக்கிக்கொண்டு போய் அம்மா அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஆயில் கறை போகாத அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாமா, இப்போ பேசட்டா?" என்றாள்.