வீட்டுக்காரர் யார்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் என் வீட்டுக் குண்டான்கள்தான் அதிகம் பளபளக்கும். தண்ணீர் பிடிக்கப் பீலிக்குக் கொண்டுபோனால் மற்றப் பெண்கள் வாங்கிப் பார்ப்பார்கள். முகம் பார்க்கலாம் போல இருக்கிறதே என்பார்கள். நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டு நிற்பேன். பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதல், அதை மறைக்க மாட்டேன். நாற்பது வருஷம் கொழுந்தெடுத்தவள். பெயர் போடவேண்டிய இடத்தில் ஒரு நாளும் பெருவிரல் வைத்ததில்லை. நாலு எழுத்து என்றாலும் நானே எழுதுவேன்.

அந்தக் குண்டான்கள் ஏன் பளபளத்தன என்பதையும் நான்தான் சொல்ல வேண்டும். உள்ளே என் மகன் என் மருமகளை அடிக்கும்போதெல்லாம், நான் முன்பக்க இஸ்தோப்புத் திண்ணையில் குந்தி மணல் போட்டுக் குண்டான் தேய்த்தேன். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், நடுவில் ஒரு சுவர்தான். அதுவும் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் பிள்ளை தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறு" என்று வாழ்த்துவார்கள். அடிக்கிற சத்தம் அங்கே கேட்டுவிடக் கூடாதே என்று நான் தேய்த்தேன். என் குடும்பத்தைப் பற்றி ஒரு சொல் வரக்கூடாது. அப்போது எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

பக்கத்துக் காம்பராக்காரி என்னைவிடப் பத்து வயது இளையவள். வாய் மட்டும் யாருக்கும் இளைத்ததில்லை. ஒரு நாள் இஸ்தோப்புக் குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, குண்டானுக்குள்ள தங்கமா இருக்கு? இந்தத் தேய் தேய்க்கிற?"

"தீய்ஞ்சு போச்சுடி."

"தெனம் தீய்ஞ்சு போகுதே. ஒலையக் கொஞ்சம் பாத்து வைக்கச் சொல்லு உன் மகன்கிட்ட."

சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சத்தம் போட்டது நான் ஒருத்திதான், மறைந்தது ஒன்றுமில்லை.

மருமகள் பூனாகலைப் பக்கத்துப் பெண். அப்பன், ஆத்தா இல்லை. அண்ணன் ஒருவன் இருந்தான், அவன் காம்பராவில் அவன் பிள்ளைகளுக்கே படுக்க இடம் போதாது. அடி வாங்கினால் எழுந்து போவதற்கு அவளுக்கு உலகத்தில் ஓர் இடம் கிடையாது. அது என் மகனுக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு உள்ளே போனவள், கொஞ்ச நேரத்தில் ஒரு கையை மறுகையால் தாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். நாலு வயது மகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த குண்டானைப் பார்த்தாள்.

பக்கத்துக் காம்பராக்காரி செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"போதும்க்கா. கீழ வையி."

அவள்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கை முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் விசாரித்து, தாயையும் பிள்ளையையும் பதுளையிலேயே பெண்களை வைத்துப் பார்க்கிற ஓர் இல்லத்துக்கு அனுப்பினார்கள்.

ஒரு மாதம் போனது. மகன் என்னிடம், "போய்க் கூட்டிட்டு வாம்மா, நீ சொன்னா வருவா" என்றான். ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் இடித்து, தூக்குச் சட்டியில் வைத்துக்கொண்டு பசறைக்கு இறங்கி, அங்கிருந்து பதுளை பஸ்ஸில் போனேன்.

இல்லத்து முற்றத்தில் பேத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் "அப்பாயி, மெஹெ என்ன!" என்று கத்தினாள்.

"என்னாடி என்ன?" என்றேன் நான்.

"இங்க வான்னு சொல்றா மாமி," என்று மருமகள் சிரித்துக்கொண்டே வந்தாள். "ஒரு மாசத்துல சிங்களம் புடிச்சுக்கிட்டா."

அவள் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலம். முகம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. கையில் இன்னும் கட்டு இருந்தது. ரொட்டியைப் பிட்டுப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டே சொன்னாள்:

"இங்க நல்லாத் தூங்குறேன் மாமி. மொத வாரம் பூரா தூக்கம்தான். என்னமோ சீக்குன்னு பயந்துட்டாங்க."

நான் வந்த விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவள் பாதியிலேயே கேட்டாள்:

"நான் வந்தா எங்க மாமி படுக்கிறது?"

கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்கிற மாதிரிக் கேட்டாள். காம்பரா ஒன்று, அது மகன் பெயரில் இருந்தது. இந்த இல்லத்திலும் எத்தனை நாளைக்கு வைத்துக்கொள்வார்கள்? தூக்குச் சட்டியை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். கூட்டி வரவில்லை என்று மகன் என்னைத் திட்டினான்.

அதற்குப் பிறகு கோர்ட்டில் அவன் அவள் பக்கமே போகக்கூடாது என்று கட்டளை போட்டார்கள். கேட்டால் உண்மையைச் சொல்வது என்று நானும் போயிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. அவன் வேலையை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போனான்.

அந்த வருஷம் எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்தது. மழை பெய்தால் சரியும் என்று அளந்து பார்த்துச் சொன்னார்கள். லயத்திலிருந்த குடும்பங்களுக்கெல்லாம் மேலே தரிசுப் பக்கம் தனித்தனி வீடு கட்டிக்கொடுப்பதாக முடிவானது. பெயர் எழுதப் பிள்ளைக் காம்பராவுக்கு வரச் சொன்னார்கள். வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் எல்லோரும் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். பதுளையிலிருந்து மருமகளை நான் வரவழைத்திருந்தேன். ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. அங்கே வந்து உட்காரும்வரை எனக்கே நிச்சயமில்லை.

எழுத வந்தவள் சின்னப் பெண். எங்கள் முறை வந்ததும் மருமகளைப் பார்த்துக் கேட்டாள்:

"வீட்டுக்காரரு யாருங்க?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அவரு இப்ப கொழும்புலங்க."

"நான் உங்க புருஷனைக் கேக்கலம்மா. வீடு யாரு பேருல எழுதுறது, அந்த வீட்டுக்காரரைக் கேக்குறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எழுத வந்த பெண்ணும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அப்படித்தானே நினைத்து வாழ்ந்தேன். என் புருஷன் செத்த பிறகு மகனை வீட்டுக்காரனாக்கியது நான். அவன் குரலை உயர்த்தினால் எழுந்து வெளியே போய் உட்கார்ந்ததும் நான்.

"ரெண்டும் வேற," என்றேன். "எழுதுங்க மிஸ். வீட்டுக்காரரு இந்தா ஒக்காந்திருக்கா."

தோட்டத்துத் தலைவர் எழுந்தார். "என்னா ஆயா இது? ஆம்பளப் புள்ள இருக்கும்போது மருமக பேருல எழுதுறதா? நாளைக்கு நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?"

"இப்பவே சிரிச்சாச்சுங்க. இன்னும் என்ன?" என்றேன். "அந்த ஆம்பளப் புள்ளயப் பெத்தவ நான். சொல்றேன், எழுதச் சொல்லுங்க."

"தலைவரே," என்று பின்னாலிருந்து பக்கத்துக் காம்பராக்காரியின் குரல் வந்தது. "நீங்க அந்தச் சுவத்துக்குப் பக்கத்துல குடியிருந்தீங்களா? நான் இருந்தேன். ஒக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். மருமகள் பெயரையும், கூட என் பெயரையும் எழுதினார்கள். விரல் வைக்க மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள் அந்தப் பெண். நான் அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவை வாங்கினேன். எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது மருமகள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு என் கையையே பார்த்திருந்தாள்.

மகன் நாலு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினான். அவன் கொழும்பிலிருந்து வந்தால் மேலே வரமாட்டான், வரவும் கூடாது. நான்தான் பசறை பஸ் ஸ்டாண்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போவேன். முதல் தடவை கடை ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்:

"அப்ப எனக்கு வீடு இல்லையாம்மா?"

"ஒனக்கு நான் இருக்கேன்டா. வீடு இல்ல."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து வைத்தேன். மகன்தானே. அவன் பஸ் திரும்பி மறையும்வரை நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

புதுவீட்டில் இரண்டு அறை. அவளும் பிள்ளையும் படுக்கிற அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்கச் சொல்லி, தச்சுவேலை பாஸ் முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். குடிவந்த மறுநாள் காலையில் பழக்கத்தில் மணலை அள்ளிப் போட்டுக் குண்டானைத் தேய்த்தேன். இரண்டு இழுப்புத்தான். மருமகள் பிள்ளையை அணைத்தபடி பின்கதவில் வந்து நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"ஒண்ணுமில்ல மாமி," என்றாள். "அந்தச் சத்தம்..."

எழுந்து மணலைத் தூரப் போட்டேன். அன்றிலிருந்து துணியில் சோப்புத் தொட்டு மெதுவாகத் துடைப்பதோடு சரி. குண்டான்களுக்கு அடி கருத்துவிட்டது. பக்கத்துக் காம்பராக்காரிக்கு இங்கேயும் பக்கத்து வீடுதான் கிடைத்தது. வேலிக்கு மேலாகப் பார்த்துக் கேட்கிறாள்:

"என்னக்கா, தங்கம் தீந்து போச்சா?"

"தீந்துபோச்சு. நீ ஒன் வேலையப் பாருடி."

மின்சாரம் கொடுக்க வந்தார்கள் போன மாதம். நான் வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கையில் கடுதாசியோடு வந்தவர், "வீட்டுக்காரரு இல்லீங்களா?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. முறத்தைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டேன்.

ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மருமகள் உள்ளேயிருந்து வந்தாள்.

"நான்தாங்க. சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பெயர் கேட்டு எழுதினார். அவள் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தாள்.

"அந்த எழுத்து இல்லீங்க, பெரிய றன்னா," என்றாள். "சரியாப் போடுங்க."

அவர் வெட்டிவிட்டு மறுபடி எழுதினார்.