ஊசி கழலாத வார்டு

என் நாத்தனார், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மூன்றாம் வார்டு ஆயா. நான் அங்கேயே சலவைப் பிரிவில் இருக்கிறேன். அவள் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

குளுக்கோஸ் ஏற்றுகிற ஊசியைக் குழந்தைகள் பிடுங்கிப் போட்டுவிடும். மறுபடி குத்த வேண்டும், மறுபடி அலறல். அவளுக்கு அது பொறுக்காது. நான் கழித்துப்போடும் படுக்கை விரிப்புகளை வாங்கிப் போய்ச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து, கண்ணும் மீசையும் வரைந்து, ஊசி போட்ட கைகளில் மாட்டிவிடுவாள். நர்ஸம்மா மட்டும் நேரத்துக்கு அவிழ்த்துப் பார்த்துக் கட்டுவார்.

தரத்தைக் கூட்டிச் செலவைக் குறைக்க ஒரு குழு வந்தது. மூன்றாம் வார்டில் ஊசிச் செலவு மற்ற வார்டுகளின் செலவில் பாதிதான் என்று கண்டுபிடித்தார்கள். பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். விசாரணைக்கு வந்தார்கள்.

"இது என்னம்மா துணி?"

"கழிச்சுப்போட்ட விரிப்பு சார்."

"கழிச்சதுன்னு யார் சொன்னது?"

என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. "கிழிசலே சொல்லிச்சு சார்."

ஆஸ்பத்திரிச் சொத்தை வெட்டிய குற்றம். பைகளைப் பறித்தார்கள், வேலையை விட்டு ஏன் நீக்கக்கூடாது, மூன்று நகலில் பதில் எழுது என்று கடிதமும் கொடுத்தார்கள்.

"வேலை போச்சுன்னா அந்த மனுஷனுக்கு மாத்திரை யார் வாங்குவா அண்ணி?"

"சாமிகிட்ட சொல்லுடி."

"அவருக்கும் மூணு நகல் வைக்கணுமா?"

அந்த மாதம் மூன்றாம் வார்டில் ஊசிச் செலவு இரண்டு மடங்கானது. எல்லா வார்டும் சமமாகிவிட்டதில் குழுவுக்குத் திருப்தி. பெரிய டாக்டரம்மாவுக்குத்தான் அலறல் தாங்கவில்லை. "அந்தப் பை எங்கே?" என்று சத்தம் போட்டார்.

உடனே குழு கூடிப் பேசி, கைக்கு உறை போடலாம் என்று தானே யோசித்ததுபோல் எழுதியது. கம்பெனி உறைகள் பெட்டி பெட்டியாக வந்தன. மொத்தமாக வாங்கினால் மலிவு என்று ஒரே அளவில் எடுத்திருந்தார்கள். ஒரு உறைக்குள் கைக்குழந்தையின் இடுப்பே நுழைந்தது.

இனி அவளை நீக்க முடியுமா? நீக்கினால் அத்தனை பெட்டி உறைகளையும் யார் வெட்டித் தைப்பது? கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, உறைகளை வெட்டித் தைக்கச் சொல்லிக் கையில் உத்தரவு கொடுத்தார்கள். அதற்கு முன் உறை மாட்டுவது எப்படி என்று அவளுக்கு இரண்டு நாள் வகுப்பும் நடந்தது. கடவுள் பெரியவர்.

"வகுப்புல என்னடி சொல்லிக்கொடுத்தாங்க?"

"மீசை வரையக்கூடாதாம் அண்ணி."